பேரேட்டைக் கிழித்தால் புதுக்கணக்கு ஆகிவிடாது

பழையதை விட்டுவிட்டுப் புத்தாண்டைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, நடந்ததை நடக்காதது போல ஆக்க முயல்வதுதான். கொடுக்கல் வாங்கலில் ஊறிய எங்கள் செட்டிநாட்டில், ஐந்தொகை, அதாவது ஆண்டு முடிவின் இருப்புக் கணக்கு, கட்டாமல் புதுக்கணக்குப் போடமாட்டார்கள். வர வேண்டியது, தர வேண்டியது, இனி வரவே வராதது என்று பிரித்தெழுதி, வராததைத் தள்ளுபடி செய்த பிறகுதான் புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி விழும். தள்ளுபடிக்கும் பேரேட்டில் ஒரு பற்றுப் பதிவு உண்டு. அந்தப் பக்கத்தை யாரும் கிழிப்பதில்லை.

மனக்கணக்கில் நாம் இதைச் செய்வதில்லை. 'இனி அதை நினைக்கவே மாட்டேன்' என்று சபதம் எடுக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதுவே திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்கு அது கூடுதலாகவே வந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே நடத்திய வட்டிக்கடையையும் கொடுத்த கடன்களையும் அப்படியே போட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களில் எங்கள் ஐயாவும் (அப்பாவின் அப்பா) ஒருவர். ஓரம் செல்லரித்த கடன் பத்திரங்களை ஆண்டுதோறும் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் விழும் வளவு ஓரத்தில் பரப்பி, பென்சிலால் அதுவரைக்குமான வட்டியைக் கூட்டி எழுதி மறுபடியும் பூட்டி வைப்பார். "அசலே மூழ்கிப்போச்சு, வட்டி எதுக்குப் போடுறீக?" என்று அப்பத்தா கேட்பார்கள், பதில் வராது. பழைய அவமானத்தை ஒவ்வோர் ஆண்டும் எடுத்துப் பார்ப்பவர்களை நினைக்கும்போது எனக்கு அந்தப் பென்சில்தான் கண்ணில் நிற்கிறது.

கோபத்தில் வீட்டை ஒழிப்பதையும் தவிர்க்க வேண்டும். போகிக்குக் கிழிந்த பாயைக் கழிப்பது வேறு. பங்காளிமேல் உள்ள வருத்தத்தில் பாட்டன் காலத்துத் தேக்குக் கதவைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிடுவது வேறு. அப்படிக் கொடுத்த உறவினர் ஒருவர், இரண்டு ஆண்டு கழித்து அதே கதவைத் தேடி அலைந்தார். கோபம் ஆறும்வரை பொருளை இரண்டாங்கட்டு அறையில் போட்டு வைத்தால் நட்டம் ஒன்றுமில்லை.

சனவரி முதல் தேதி தவறிவிட்டால் சித்திரை வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஆண்டுத் தொடக்கத்தில் மட்டுமன்றி மாதத் தொடக்கத்திலும் வாரத் தொடக்கத்திலுங்கூட மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வது கூடுகிறது என்று காட்டியது. ஆகவே திங்கட்கிழமையே போதும்.

உறவைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், எதிராளி முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நிபந்தனை வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான தவறு. பேசித் தீர்க்க முடியாத வழக்குகள் எங்கள் ஊரில் ஏராளம். ஆனால் திருக்கார்த்திகைக்கு 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வரும். 21 நூலிழை சேர்த்த திரியை மாவில் வைத்து நெய்யிட்டு ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அண்ணனோடு பேசாதவர்கூட அன்றைக்கு வந்து நின்று கையை நீட்டலாம்; சுடர் அணைவதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.