முப்பது வயதுக்கு மேல் பரதம் கற்கப் போகிறவர்களுக்கு

சேருவதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். வர்ணம் என்ற நீண்ட, கடினமான உருப்படியை ஆடும் பெரிய பிள்ளைகள் மேல்தான் கண் போகும். அவர்களை விட்டுவிட்டு, போன மாதம் சேர்ந்தவர்களின் முழங்கால்களைக் கவனியுங்கள். அரைமண்டியில், அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், பாதம் பக்கவாட்டில் திரும்பும்போது முழங்காலும் அதே திசையில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். பாதம் மட்டும் திரும்பி முழங்கால் முன்னோக்கி நின்றால் வலி நிச்சயம். டீச்சர் எழுந்து வந்து அதைத் திருத்துகிறாரா? நான் இடம் தேர்ந்தெடுத்தது இதை வைத்துத்தான்.

அடுத்தது தரை. டைல்ஸும் மார்பிளும் வழுக்கும்; கான்கிரீட் மேல் பதித்த தரையில் ஒவ்வொரு தட்டும் முழங்காலுக்கு ஏறும். மரத்தளம் கிடைத்தால் பாக்கியம். திருச்சியில் நான் போகும் மாடி வகுப்பில் அது இல்லை, அதனால் கால்களைச் சூடாக்காமல் தட்ட ஆரம்பிப்பதே இல்லை. முழங்கால், முதுகுத் தொந்தரவு எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உடைக்குச் செலவு வேண்டாம். பருத்திச் சுடிதார் போதும், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். பலாசோ வேண்டாம், முழங்கால் டீச்சர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

அப்புறம் தட்டடவு, அதாவது பாதத்தால் தரையைத் தட்டும் முதல் அடவு (அடவு என்றால் பரதத்தின் அடிப்படை அசைவு). 'தை யா தை' என்று வாரக்கணக்கில் அதையேதான் தட்டப் போகிறீர்கள். பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் இடுப்பு நம்மைவிட எளிதாகத் திறக்கும். அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், ஒரே சத்தம் வர வேண்டும், தட்டும்போது உடம்பு மேலே எழக்கூடாது. இந்த மூன்றும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நிலைத்த பிறகுதான் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலம். அடவுகளை ஸ்பீக்கரில் ஓடவிட்டுச் சொல்லித்தரும் வகுப்பு எனக்குப் பிடிக்காது. தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பிடித்த டீச்சர் உங்கள் காலைப் பார்த்து நிதானமாக்குவார், ஸ்பீக்கருக்கு அது தெரியாது.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் போதும். அதில் பாதி நேரம் உட்கார்ந்தே செய்யலாம்: ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை (எண்ணிக்கைகளை) கையில் போட்டபடி சொல்லுக்கட்டை, அதாவது 'தை யா தை' போன்ற அடவுச் சொற்களை, வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயில் தாளம் தப்பினால் காலிலும் தப்பும். 28 ஒற்றைக் கை முத்திரைகளைப் பேருந்தில்கூட மனப்பாடம் செய்யலாம். யூடியூபைப் பார்த்து அடவு பழக வேண்டாம். பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று பாணிக்குப் பாணி கை வீச்சு மாறும், கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.



சலங்கையை இப்போதே வாங்காதீர்கள். பல வகுப்புகளில் அடவுகள் தேறிய பிறகு, பூஜை செய்துதான் கட்டுவார்கள். அலாரிப்பில் தொடங்கி தில்லானாவில் முடியும் மார்க்கம் என்ற கச்சேரி வரிசை, தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியது. வாரம் இரண்டு வகுப்புக்குப் போகிற நமக்கு அதை முடிக்கப் பல வருடம் ஆகும். சேரும்போதே அரங்கேற்றத்துக்குத் தேதியும் பேக்கேஜும் பேசுகிற இடம் என்றால், நான் வேறு இடம் தேடுவேன்.