விண்வெளிக்குப் போன எலியின் கால்: அறிவியல் கண்காட்சியில் விளக்குவது எப்படி

கடலூர் பக்கத்துப் பள்ளிகளில் கண்காட்சி என்றாலே தெர்மாகோல் ராக்கெட் வரிசையாக நிற்கும். இந்த முறை அந்த ராக்கெட்டில் போன எலியின் கால் தசையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு கானாங்கெளுத்தியும் ஒரு வாளியும் போதும்.

காலையிலேயே முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீனை வாங்கி, குறுக்காகத் துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் பெரும்பகுதி வெளிர் சதையாக இருக்கும், இரண்டு ஓரத்திலும் தோலுக்கு அடியில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டைதான் நாள் முழுக்க நிதானமாக நீந்துவதற்கான தசை, ஆக்சிஜனை வைத்துக் கொழுப்பை எரித்தே ஓயாமல் வேலை செய்யும். வெளிர் சதை திடீரென்று பாய்வதற்கு. அது தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனைச் சட்டென்று எரித்துவிட்டுச் சீக்கிரம் களைத்துவிடும். எலிக்கும் நமக்கும் இந்த இரண்டு வகை இழைகளும் உண்டு, ஒரே தசைக்குள் கலந்து கிடக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பார்க்க வருபவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். முட்டி மடிந்தபடியே குதிகாலைத் தூக்கச் சொல்லி, கெண்டைக்காலின் கீழ்ப்பாதியை இரண்டு பக்கமும் விரலால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறுகுகிறதே, அதுதான் சோலியஸ். நிற்கும்போது நாம் முன்னால் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது அது. எலியின் சோலியஸ் பெரும்பாலும் மெதுவான, கொழுப்பை எரிக்கும் இழைகளால் ஆனது. விண்வெளியில் நிற்கும் வேலையே இல்லாததால் முதலில் கரைவது இதுதான். புரதம் கட்டுவது குறைகிறது, சிதைப்பது கூடுகிறது. மிஞ்சும் இழைகளிலும் ஒரு பகுதி வேக வகைக்கு மாறுகிறது. அதே பின்னங்காலின் முன்பக்கத்தில், முட்டிக்குக் கீழே எலும்பை ஒட்டி, விரல்களை நீட்டும் தசைக்கு இந்தப் பாதிப்பு குறைவு.

"அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்று மட்டும் பிள்ளைகள் சொல்லிவிடக் கூடாது. விண்வெளி நிலையம் இருக்கும் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் எலியும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் காலில் பாரம் இறங்குவதில்லை.

பலர் "தசை மெலிகிறது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எரிபொருள். 1991 ஜூனில் கொலம்பியா விண்கலத்தில் 9 நாள் பறந்து திரும்பிய எலிகளின் தொடைத் தசையைச் சோதித்தபோது, நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலத்தை எரிக்கும் திறன் குறைந்திருந்தது, ஆனால் சர்க்கரையிலிருந்து வரும் பைருவேட்டை எரிக்கும் திறன் குறையவில்லை. அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு வகை விறகை மட்டும் முன்போல எரிக்க முடியவில்லை. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்லும்வரை விடாதீர்கள்.

சரி, வாளி எதற்கு? பாதி தண்ணீர் ஊற்றித் திறந்த வெளியில் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றுங்கள், சிந்தாது. இதே வித்தையைத்தான் ஜப்பான்காரர்கள் 2016-இல் விண்வெளி நிலையத்தில் செய்தார்கள்: 12 சுண்டெலிகள், 35 நாள், அதில் பாதியைச் சுழலும் கூண்டில் வைத்துப் பூமிக்குச் சமமான பாரம் கொடுத்தார்கள். சுழன்றவற்றின் சோலியஸ் மெலியாமல் தப்பியது.

தரையில் ஆய்வகங்கள் எலியின் வாலைத் தூக்கிக் கட்டி, பின்னங்கால் தரையில் படாமல் வைத்து இதே நிலையை உண்டாக்குகின்றன. அதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். பள்ளியில் படம் வரைந்து காட்டினால் போதும், உயிருள்ள எலியைத் தொடவே வேண்டாம்.

நடுவர் கட்டாயம் கேட்பார், "மீனும் தண்ணீரில் மிதக்கத்தானே செய்கிறது, அதற்கு ஏன் தசை கரையவில்லை?" என்று. பதில் தயாராக இருக்கட்டும்: மீன் மிதந்தாலும் ஒவ்வொரு வால் வீச்சிலும் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும், அந்தப் பட்டைக்கு ஓய்வே கிடையாது.