மூக்கைப் பிடித்தால் ஏலக்காய் எங்கே போகிறது?

நான்கு தேக்கரண்டி சர்க்கரையில் ஒரே ஒரு ஏலக்காயின் விதைகளைச் சேர்த்து நைசாகப் பொடித்துக்கொண்டு, மாணவர்களைக் கண்ணை மூடி மூக்கை இறுகப் பிடிக்கச் சொல்லி, நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தால், சுவைக்கும் மணத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வகக் கருவி எதுவுமின்றி ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். பிடித்திருக்கும்வரை வெறும் இனிப்பு என்பார்கள். விரலை எடுத்த கணத்தில் ஏலக்காய் என்று முகம் மலரும்.

நாக்கிலுள்ள சுவை அரும்புகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளி போன்றவற்றில் உள்ள சுவை) என்னும் ஐந்தை மட்டுமே அறிகின்றன. ஏலக்காயின் மணமோ வாயின் பின்புறம் தொண்டை வழியாக மேலேறி மூக்கின் மணவுணர் செல்களை எட்டினால்தான் தெரியும், மூக்கை அடைத்தால் அந்தக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. நம் அறுசுவையில் வரும் கார்ப்பு இந்த ஐந்தில் இல்லையே என்று யாராவது கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள். கார்ப்பு, எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணரும் நரம்பின் வேலை.

ஆகவே மிளகாய், இஞ்சி, புதினா ஆகியவற்றைக் கொண்டு இச்சோதனை பலிக்காது. மூக்கை மூடினாலும் அவை தெரிந்துவிடும். ஏலக்காய் கூடினாலும் நாக்கில் குளிர்ச்சி தட்டிக் காட்டிக்கொடுக்கும். சளி பிடித்திருக்கும் மாணவருக்கு விரலை எடுத்த பின்பும் மாற்றம் தெரியாது. சர்க்கரை தவிர்க்கும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆளுக்கொரு கரண்டியும் அவசியம்.