மீன்தொட்டிச் செடியைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள்

ரோட்டாலா, லுட்விஜியா போன்ற தண்டுச் செடிகள் நீர்மட்டத்தைத் தொட்டதும், நுனியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய நுனித்துண்டின் அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அக்கணுக்கள் மண்ணுக்குள் மறையுமாறு ஊன்றினால், புதுச் செடி வாங்கும் செலவு மிச்சமாகும். வேர்கள் பெரும்பாலும் கணுக்களிலிருந்தே கிளம்புகின்றன. இலையோடு புதைத்தால் அது அழுகி நீரைக் கெடுக்கும். நுனியிழந்த பழைய தண்டைத் தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அதுவரை அடக்கி வைத்திருந்த பக்கமொட்டுகள் இனித் துளிர்த்து, பெரும்பாலும் ஒரு தண்டு இரண்டாகக் கிளைக்கும்.

அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் தடித்த கிடைத்தண்டை, துண்டுக்கு மூன்று நான்கு இலைகளாவது இருக்குமாறு நறுக்கி, மண்ணில் புதைக்காமல் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும்.