திருச்சி – காரைக்குடி ரோட்டில் யாரும் நிற்காத இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி நூறு கிலோமீட்டருக்குள்தான். ரோடும் நன்றாக இருப்பதால் நிறுத்தாமல் ஓட்டினால் காலை டிபன் திருச்சியில், பதினோரு மணி காபி காரைக்குடியில் என்று முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். இந்த ரோட்டையே உதாரணமாக வைத்து, வழியில் நிற்க வேண்டிய இடங்களை நீங்களே தேடிப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து ரோட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒரு கேள்வியை மறந்துவிடுங்கள்: "போற வழியில பாக்க என்ன இருக்கு?" மேப்பிடம் இப்படிக் கேட்டால் ரேட்டிங் அதிகமுள்ள ஓட்டல்களைக் காட்டும். டீக்கடையில் கேட்டால், "இங்க ஒண்ணும் இல்லையே தம்பி, பிள்ளையார்பட்டி போங்க" என்பார்கள். இடத்தைக் கேட்கக் கூடாது, பொருளைக் கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

படி 1: பழைய ரோட்டைப் பிடியுங்கள்

மேப்பில் டோல் தவிர்க்கும் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள். பைபாஸைத் தவிர்த்து ஊருக்குள் புகுந்து போகும் வழிகள் தெரியும். கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் ஆகிய மூன்று ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தமிழில், பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்

'டூரிஸ்ட் பிளேஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் எல்லாருக்கும் வரும் பத்து இடங்கள்தான் உங்களுக்கும் வரும். அதற்குப் பதிலாக ஊர்ப்பெயரோடு சேர்த்து 'குடைவரை' (பாறையைக் குடைந்து செய்த கோயில்), 'சமணர் படுக்கை' (சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை), 'கல்வெட்டு', 'மண் குதிரை', 'சுனை', 'பட்டறை' என்று ஒவ்வொன்றாகத் தமிழில் அடித்துப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கம் இந்தச் சொற்களுக்குக் கொட்டும். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, நமணசமுத்திரத்து ஐயனார் கோயில் மண் குதிரைகள், கொஞ்சம் தள்ளி ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள்.

அடுத்து சாட்டிலைட் வியூவுக்கு மாறுங்கள். வயலுக்கு நடுவே மொட்டைப் பாறையும் அதன் அடியில் ஒரு குளமும் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட பாறைகளில் ஏதாவது ஒன்றைக் குடைந்தோ செதுக்கியோ வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படி 3: சமஸ்தானத்துப் பழைய புத்தகம்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் தங்கச் சுரங்கம். 1938 முதல் 1944 வரை புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட மேனுவலில் ஊர் ஊராகக் கோயில், கல்வெட்டு, மலை என்று விவரம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம், உங்கள் வழியில் வரும் ஊர்ப்பெயரை மட்டும் தேடுங்கள். மற்ற மாவட்டக்காரர்களுக்கு அந்தந்த மாவட்ட கெஜட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) உண்டு.

படி 4: இரக்கமில்லாமல் வெட்டுங்கள்

இப்போது பட்டியலில் பதினைந்து இடங்கள் சேர்ந்திருக்கும். ஒரு நாளுக்கு நான்கு போதும். மெயின் ரோட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் விலகினால் அடுத்த முறைக்குத் தள்ளுங்கள். என் தேர்வு இது:

நார்த்தாமலை. விடிந்ததும் போய்விட வேண்டும். மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்ற 9ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் எட்டுச் சிறு சன்னிதிகள் இருந்ததில் ஆறு நிற்கின்றன. எதிரே இரண்டு குடைவரைகள், ஒன்றில் ஆளுயரத் திருமால் சிற்பங்கள் பன்னிரண்டு. வெறுங்காலோடு பாறையில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் பத்து மணிக்கு மேல் போனால் கால் பொத்துவிடும்.

சித்தன்னவாசல். இங்கே உள்ள சமணக் குடைவரைக் கோயிலின் கூரையில் இருக்கும் தாமரைக்குள ஓவியத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் உள்ளறையில் அசையாமல் நின்று, வாயை மூடி மெதுவாக 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். சுருதி சரியாக விழுந்தால் அறை முழுக்கத் திருப்பி முழங்கும். பிறகு மலைச்சரிவில் ஏழடிப்பட்டம் என்ற குகை வரை ஏறினால் பதினேழு கல் படுக்கைகள், தலைக்கு வைக்கக் கல்லிலேயே மேடு. காற்று தாராளமாக வரும்.

திருமயம். 1687இல் கட்டிய கோட்டை. கீழே ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் தனித்தனிக் கோயில். கோட்டைச் சுவரை ஒட்டி ரோட்டைப் பார்த்தபடி பைரவர் இருக்கிறார், லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஆத்தங்குடி. இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு பட்டறைக்குள் போய் ஒரு டைல்ஸ் கல் உருவாவதை முதலிலிருந்து பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கும் அந்த நொடிதான் வித்தை: கை கொஞ்சம் ஆடினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்து, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். சூளையும் இல்லை, பாலிஷ் மெஷினும் இல்லை.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகமும் அருமையான இடம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை.

படி 5: டீக்கடையில் கேட்கும் விதம்

வண்டியில் உட்கார்ந்தபடி கண்ணாடியை இறக்கிக் கேட்காதீர்கள். இறங்கி, டீ சொல்லி, பாதி குடித்த பிறகு: "அண்ணே, பெரிய மண் குதிரை இருக்கிற ஐயனார் கோயில் எந்தப் பக்கம்?"

"நம்ம சாமியா? அந்தக் கண்மாய்க் கரையோட போங்க. புரவியெடுப்பு நடந்திருந்தா புதுக் குதிரையும் நிக்கும்."

(புரவியெடுப்பு என்பது ஐயனாருக்குப் புது மண் குதிரைகளைக் கொண்டுபோய் வைக்கும் திருவிழா.) பொருளைச் சொன்னதும் பதில் எப்படி மாறுகிறது, பாருங்கள். கூடவே சாவி யாரிடம், பெண்கள் உள்ளே போகலாமா, போட்டோ எடுக்கலாமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். சில ஐயனார் கோயில்களில் ஒரு எல்லைக்கு மேல் பெண்களை விடுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் அங்கே போய் நின்று தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிவது நல்லது.

படி 6: நேரக் கணக்கு

கிராமத்துக் கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலரைக்குத்தான் திறக்கும். அதனால் மலையைக் காலையில் முடியுங்கள், உச்சி வெயிலில் பட்டறை, மாலையில் கோயிலோ கோட்டையோ. இந்தக் கணக்கில் திருமயத்தைத் தாண்டி முதலில் ஆத்தங்குடிக்குப் போய்விட்டு, நான்கு மணிக்கு மேல் திரும்பி வர வேண்டியிருக்கும். கொஞ்சம் டீசல் கூடுதலாகும். பரவாயில்லை, மதிய வெயிலில் கோட்டைப் பாறை ஏறுவதற்கு அது எவ்வளவோ மேல்.