மழைநீர் வடிகால்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சென்னையில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் யாராவது ஒருவர் கடப்பாரையோடு வந்துவிடுவார். நடுத்தெருவில் இருக்கும் வட்ட மூடியை நெம்பித் திறந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவர் திறந்தது பாதாள சாக்கடை. வீட்டுக் கழிவுநீரைக் கணக்கிட்டுப் போட்ட குழாய் அது. தெருத் தண்ணீர் மொத்தமும் அதில் இறங்கினால் உந்து நிலைய மோட்டார்கள் திணறும். தாழ்வான வீடுகளில் கழிவறை வழியாகவே எல்லாம் மேலே வரும். திறந்த குழி தண்ணீருக்கடியில் தெரியாமல் ஆள் விழும் ஆபத்து வேறு.

மழைக்கான வழி சாலையோரத்தில் இருக்கிறது. அந்த வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகால் நீருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. கால்வாய் வழியாகக் கூவம், அடையாறு என்று நேராக ஆற்றில் சேர்ந்துவிடும். வழியில் வண்டல் தொட்டி இருந்தாலும் அது மண்ணைத்தான் பிடிக்கும். எண்ணெயையோ சோப்பையோ பிடிக்காது.

அதனால்தான் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக வடிகாலில் இணைப்பது எல்லாவற்றிலும் மோசம் என்பேன். கண்டுபிடிப்பதும் சுலபம்: அக்னி நட்சத்திர வெயிலில் உங்கள் தெரு வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே வேண்டாம்.

வீடு கட்டுபவர்கள் கலவைச் சட்டியைக் கழுவி வடிகாலில் ஊற்றுகிறார்கள். சிமெண்ட் உள்ளேயே இறுகிக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வண்டி ஏற்ற வாசலில் சரிவு போடும்போது தண்ணீர் இறங்கும் வாயையே மூடிவிடுவதும் சகஜம். வாசல் பெருக்கிய குப்பையை அதற்குள் தள்ளுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மொட்டைமாடித் தண்ணீரை அப்படியே தெருவுக்கு விடுவதும் தவறுதான். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழகத்தில் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அதற்காக, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஜல்லித் தொட்டி இருக்கிறது. ஆனால் ஜல்லியெல்லாம் சேறு ஏறி, சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. ஐப்பசி மழைக்கு முன்பு ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும்.

சரி, தண்ணீர் நின்றுவிட்டது, என்ன செய்வது? மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லுங்கள். ஆள் வருவதற்குள், வடிகால் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் பால் கவர்களைக் கரையில் நின்றபடியே ஒரு நீளக் குச்சியால் இழுத்துப் போட்டாலே பாதித் தண்ணீர் இறங்கிவிடுவதும் உண்டு.