ஈபேயில் காலாவதி ஃபிலிம் வாங்க: ஒரே பேட்ச், ஒரே ஆள்

போன வாரம் பத்து ரோல் கோடக் பிளஸ்-எக்ஸ் வந்து சேர்ந்தது. பெட்டியில் போட்டிருக்கும் தேதி 1998. ஒன்றை எடுத்துச் சுட்டு, கழுவிப் பார்த்தேன். நிழலும் வெளிச்சமும் தெளிவாகப் பிரிந்து, அடித்தளம் மட்டும் லேசாகச் சாம்பல் பூத்து, அருமையான நெகட்டிவ். இனி மீதி ஒன்பது ரோலும் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெம்புக்காகத்தான் நான் காலாவதி ஃபிலிமை இப்படி மொத்தமாக வாங்குகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக என் முறையை எழுதுகிறேன். கேமராவில் ரோல் போடவும் ஐஎஸ்ஓ மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எதைத் தேடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

35 மி.மீ. மட்டும் போதும். அகலமான 120 ரோலில் பின்னால் ஒட்டியிருக்கும் காகிதம் ஈரம் பட்டிருந்தால், அதிலுள்ள எண்கள் படத்தில் பதிந்துவிடும். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி.

கழுவும் முறையின் பெயர் பெட்டியிலேயே போட்டிருக்கும். 'சி-41' என்று இருந்தால் பெரும்பாலும் கலர், எந்த லேபிலும் கழுவித் தருவார்கள். கறுப்பு-வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவலாம். சி-22, ஈ-4, கே-14 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். சி-41 வந்தது 1972-இல். அதற்கு முந்தைய கோடாகலர்-எக்ஸ் போன்றவை சி-22 வகை. கே-14 என்பது கோடாக்ரோம். அதைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது. 2010 முடிந்ததோடு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். இன்று அதைக் கறுப்பு-வெள்ளையாகக் கழுவத்தான் முடியும், அந்தக் கலர் வராது.

நெகட்டிவாக வராமல் நேராகவே படமாக வரும் ஸ்லைடு ஃபிலிமும் வேண்டாம். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அது தாங்காது.

2. பேட்ச் எண்ணைப் பாருங்கள்

இங்கேதான் நான் இடறினேன். இரண்டு வருடங்களுக்கு முன் 'பழைய ஃபிலிம், 14 ரோல்' என்று ஒரு கலவை மூட்டையை ஏலத்தில் எடுத்தேன். மூன்று கம்பெனி, ஆறு வகை, 1989 முதல் 2007 வரை தேதி. முதல் ரோல் நன்றாக வந்தது. அதே அளவில் இரண்டாவதைச் சுட்டேன், முழுக்க மூட்டம், அதாவது நெகட்டிவ் முழுவதும் சாம்பல் படலம். மூன்றாவதில் பாதிதான் தேறியது. ஒரு ரோலில் கற்றது அடுத்த ரோலுக்கு உதவவில்லை. 14 ரோல் தீர்ந்தபோது, என் அக்கா மகளின் பள்ளி ஆண்டு விழாப் படங்களும் அதோடு போயிருந்தன. அந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.

தேதியைவிட முக்கியம், எல்லா ரோலும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வளர்ந்திருப்பது. பெட்டியின் பக்கவாட்டில் காலாவதித் தேதிக்குப் பக்கத்திலேயே ஓர் எண் அச்சடித்திருக்கும். அதுதான் பேட்ச் எண். விற்பவர் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கி, எல்லாப் பெட்டியிலும் அதே எண், அதே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லையா, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஐந்து ரோல் சேர்ந்த, பிரிக்காத பேக் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெட்டி இல்லாமல் ரோல் மட்டும் இருந்தால், ஃபிலிமின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போயிருந்தால் யாரோ ஏற்கெனவே சுட்டு முடித்த ரோல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கேள்வி இரண்டுதான். இது யாருடையது? எங்கே வைத்திருந்தார்கள்?

"கடை மூடிய ஸ்டுடியோவுடையது, ஃப்ரிட்ஜில் இருந்தது" என்றால் தைரியமாக இறங்கலாம். வீடு காலி செய்கிறவர்கள் விற்பது பெரும்பாலும் பரணில் கிடந்தது. நான் இருக்கும் லண்டனிலேகூட கோடையில் கூரைக்கு அடியில் வெப்பம் தகிக்கும். ஃபிலிமைக் கெடுப்பதில் வெப்பத்துக்குத்தான் முதல் இடம், ஈரம் அடுத்தது.

ஃப்ரிட்ஜில் இருந்தாலும் ஐஎஸ்ஓ 800, 1600, 3200 என்று வேகமான ஃபிலிமை நான் தொடுவதில்லை. சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு அவற்றை மெல்ல மெல்ல மூட்டமாக்கிவிடும். குளிர் அதைத் தடுக்காது. இல்ஃபோர்ட் எஃப்பி4, பிளஸ்-எக்ஸ் மாதிரி 125 வேகக் கறுப்பு-வெள்ளைதான் என் முதல் தேர்வு. கலரில் 100 அல்லது 200.

4. ஏலம்

தபால் செலவையும் சேர்த்து ஒரு ரோல் என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். புது ரோல் விலையில் பாதியைத் தாண்டினால் நான் விலகிவிடுவேன். உங்கள் உச்ச விலையை ஒரே முறை, கடைசி சில நொடிகளில் போடுங்கள். முடிந்தவரை உள்நாட்டு விற்பனையாளரிடமே வாங்குங்கள். எல்லை தாண்டும் பார்சல் எக்ஸ்ரேக்குள் போக வாய்ப்பு உண்டு.

5. ஒரு ரோலைப் பலி கொடுங்கள்

கலர் நெகட்டிவுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 20 வருடம் பழைய 200 ஃபிலிமை 50 என்று வைத்துச் சுட வேண்டும். தொடங்க அது போதும், ஆனால் அதையே நம்பி முக்கியமான நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள்.

வெயிலில் ஒரு சுவர், பக்கத்தில் ஒரு மரநிழல். முதல் ஃபிரேமை லென்ஸ் மூடியோடு எடுங்கள், மூட்டம் எவ்வளவு என்று அதில் தெரியும். அப்புறம் பெட்டியில் போட்ட வேகம், ஒரு ஸ்டாப் கூடுதல், இரண்டு, மூன்று. இந்த வரிசையை நிழலான இடத்தில் ஒரு முறை திரும்ப எடுங்கள்.

லேபிலிருந்து நெகட்டிவைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். ஸ்கேனைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மரநிழலுக்குள் இலை தெரியத் தொடங்கும் முதல் ஃபிரேம் எது என்று பாருங்கள். அதுதான் அந்த பேட்சின் வேகம். மீதிப் பெட்டிகளின் மேல் பேனாவால் எழுதி, ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுடுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் பையைப் பிரிக்காமல் வெளியே வைத்தால்தான் உள்ளே வியர்க்காது.

கறுப்பு-வெள்ளைக்கு என் டெவலப்பர், அதாவது கழுவும் ரசாயனம், ஹெச்சி-110. பழைய ஃபிலிமில் மூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் நான் பயன்படுத்தியவற்றில் அதுதான் சிறந்தது. கழுவும் நேரத்தை நீட்டி ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், மூட்டமும் சேர்ந்து வளரும். வெளிச்சத்தைச் சுடும்போதே கொடுத்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை

தன் சிறிய தானியங்கி கேமராவில் ஐஎஸ்ஓ மாற்றும் வசதியே இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சரி, இதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த வகைக் கேமராக்கள் ரோலின் உடம்பிலுள்ள டிஎக்ஸ் கட்டங்களைத் தொட்டு வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன. அந்தக் கட்டங்களை டேப் ஒட்டி மூடினால் பெரும்பாலானவை 100 என்று எடுத்துக்கொள்ளும். கேமராவின் கையேட்டில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். 400 ஃபிலிமுக்கு அது இரண்டு ஸ்டாப் கூடுதல், 20 வருடப் பழையதற்குப் பொருத்தம். 100 ஃபிலிமுக்கு இந்த வழி உதவாது.

இன்னொருவர், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. பல வருடங்களாகத் தேடுகிறேன். பரணில் கிடந்த ஒற்றை ரோலாக இருந்தாலும் அதை மட்டும் வாங்கிவிடுவேன்.